கடாரம் வரை: மாணவர்தம் சிக்கனப் பயணத் திட்டம்

கல்வி தேடிப் பயணம் மேற்கொள்ளுதல் இஸ்லாமிய மரபில் தொன்றுதொட்டுப் போற்றப்பெற்று வருவதாகும். நபிமொழிகளைத் தொகுத்த இமாம்கள் ஒரே செய்தியின் உண்மையைச் சோதித்தறியப் பல திங்கள் வழிநடந்தனர். 1325ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டின் தஞ்சீர் நகரினின்றும் இருபத்தோர் அகவை இளைஞராகப் புறப்பட்ட இப்னு பதூதா, ஏறத்தாழ முப்பதாண்டுகள் உலகைச் சுற்றி வந்தார். இடையே நம் தமிழகக் கரையிலும் மதுரைச் சுல்தானின் அவையிலும் அவர் தங்கிச் சென்றதை வரலாறு பயில்வோர் அறிவர். அவ்விளைஞர் சென்ற ஊர்கள் பலவற்றிலும் வழிப்போக்கர்க்கு உணவும் உறையுளும் நல்கும் வக்ஃபு அறக்கட்டளைகள் இருந்தன. சூஃபியர் தங்குமடங்கள் இருந்தன. கற்றவர் என்னும் தகுதியே அவருக்குப் பாதிப் பயணச்செலவை ஈடுசெய்தது. இன்றைய மாணவருக்கு அத்தகைய மடங்கள் கிட்டா. அவருக்கு வாய்த்த துணை, ஒரு தாளும் எழுதுகோலும் கூட்டல் வகுத்தலுமேயாம்.

நம் மாணவர்களுள் பலர், 'அயல்நாடு ஒன்றைச் சாலைவழியே சுற்றிப் பார்க்க வேண்டும், கையிலோ பொருள் குறைவு, இயலுமா?' என்று வினவுகின்றனர். இயலும் என்பதே நம் விடை. ஆயின் அச்சிக்கனம் வீட்டில் அமர்ந்து திட்டமிடும்போதே செய்து முடிக்கப்பட வேண்டியது. வழியில் பட்டினி கிடந்தும் உறங்காமல் அலைந்தும் மிச்சப்படுத்துவது மிகச் சிறிது. அதனால் விளையும் கேடு பெரிது. இதனைப் பொதுப்படக் கூறிச் செல்வதினும் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுக் காட்டுதல் நலம் என்பதால், மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம்.

மேற்குக் கரை ஏன்?

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கோலாலம்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பறந்து சேரலாம். குறைந்த கட்டண விமானங்கள் உண்டு. அங்கும் வாகனங்கள் நம் நாட்டைப் போன்றே சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. வடக்கே தாய்லாந்து எல்லையிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை 772 கி.மீ. நீளமுள்ள வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமை பெற்றது. பார்க்கத்தக்க ஊர்கள் பலவும் இச்சாலையை ஒட்டியே அமைந்துள்ளன.

தமிழ் பயில்வார்க்கு வேறு காரணங்களும் உண்டு. தனிநாயகம் அடிகளாரின் பெருமுயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது 1966இல் கோலாலம்பூரில்தான். மலாக்கா நகரில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல் குவிமாடம் இன்றி, அடுக்கடுக்கான கூரையோடு நிற்கின்றது. அதே தெருத்தொடரில் பொய்யாத விநாயகர் ஆலயமும் செங் ஹூன் தெங் என்னும் சீனக் கோயிலும் சில நிமிட நடைத் தொலைவில் உள்ளன. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், நாகூர் ஆண்டகையின் பெயரால் அமைந்த தர்காவும், மகாமாரியம்மன் கோயிலும் அவ்வாறே அருகருகே காணக் கிடைக்கின்றன. இவ்விரு நகரங்களையும் யுனெஸ்கோ நிறுவனம் 2008இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. இவ்வழிபாட்டிடங்களைக் காண நுழைவுக் கட்டணம் ஏதுமில்லை என்பதையும் சிக்கனப் பயணி குறித்துக்கொள்க.

ஜார்ஜ் டவுனில் 'சூலியா தெரு' என ஒன்றுண்டு. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வாணிகத்தின் பொருட்டுச் சென்ற தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர். இன்று முதுகுப்பையோடு வரும் பன்னாட்டு இளைஞர்கள் குறைந்த வாடகையில் தங்கும் விடுதிகள் மிகுந்திருப்பது இத்தெருவிலும் அதன் கிளைகளிலுமேயாம். நம் முன்னோர் பெயர் தாங்கிய தெருவிலேயே நம் மாணவருக்கும் ஒரு படுக்கை கிடைக்கும்.

வடக்கே கெடா மாநிலம் உள்ளது. இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடற்படை செலுத்தி வென்ற கடாரம் இதுவே. பட்டினப்பாலை குறிக்கும் காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்றே உரை கண்டார். அங்கு மெர்போக் என்னும் சிற்றூரை அடுத்துள்ள பூசாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்களும் ஒரு தொல்பொருட் காட்சியகமும் உள்ளன. கடாரங்கொண்டான் என்னும் பட்டத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த மாணவர், அந்தக் கடாரத்தின் கற்படிகளில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்பது நம் அவா.

காரா, பேருந்தா?

சாலைப் பயணம் என்றதும் இளைஞர் மனம் வாடகைக் காரையே நாடும். ஆர்வத்தை ஒதுக்கிவைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்கு ஏறத்தாழ 150 கி.மீ.; மலாக்காவிலிருந்து ஈப்போவுக்கு 350; ஈப்போவிலிருந்து பினாங்குக்கு 160; பினாங்கிலிருந்து மீண்டும் கோலாலம்பூருக்கு 360. ஊர்களுக்குள் சுற்றுவதையும் சேர்த்து 1100 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் சிறு காருக்கு 73 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 2.60 ரிங்கிட் எனக் கொண்டால் 190 ரிங்கிட் ஆகும். நாள் வாடகை 120 ரிங்கிட் வீதம் ஆறு நாள்களுக்கு 720. சுங்கத்துக்கும் வாகனம் நிறுத்துவதற்கும் 150. ஆகமொத்தம் 1060 ரிங்கிட். நால்வர் பகிர்ந்தால் தலைக்கு 265, இருவராயின் 530.

அதே சுற்றை விரைவுப் பேருந்துகளில் முடிக்கத் தலைக்கு 130 ரிங்கிட் ஆகும் எனக் கொள்வோம். அவ்வாறாயின் நால்வர் நிரம்பிய காரைவிடவும் பேருந்தே பாதிச் செலவில் முடிகின்றது. இனி மூன்றாவது வழி ஒன்றுண்டு. நகருக்கு நகர் பேருந்தில் செல்க. பேருந்து வசதி குறைந்த கெடாப் பகுதிக்கு மட்டும் பினாங்கிலிருந்து இரு நாள்களுக்குக் கார் எடுக்க. வாடகை 240, எரிபொருள் 35, பிற செலவு 25, கூடுதல் 300, தலைக்கு 75. பேருந்துக் கட்டணத்தோடு சேர்த்து 205 ரிங்கிட். இதுவே நாம் பரிந்துரைக்கும் வழி. ஈண்டுத் தந்துள்ள வாடகையும் கட்டணமும் கணக்கிடும் முறையை விளக்குதற்கு நாம் வைத்துக்கொண்ட எண்களே. புறப்படும் திங்களில் உள்ள உண்மை விலையை இட்டு மாணவரே மீளக் கணக்கிட வேண்டும். ஒரு ரிங்கிட்டின் மதிப்பு இருபது ரூபாயை ஒட்டி ஏறியும் இறங்கியும் வருவதால் ரூபாய்க் கணக்கை இறுதியில் போடுவதே நன்று.

எரிபொருள் குறித்து ஓர் எச்சரிக்கை. பழைய பயண நூல்களில் மலேசியப் பெட்ரோல் மிக மலிவு என எழுதியிருப்பர். 2025 செப்டம்பர் இறுதி முதல் அங்கு மானிய விலைப் பெட்ரோல் மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே என வரையறுக்கப்பட்டது. அயல்நாட்டார் மானியமற்ற விலையையே கணக்கில் கொள்ள வேண்டும். நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் ரொக்கம் பெறுவதில்லை. 'டச் அண்ட் கோ' என்னும் அட்டையில் முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். பினாங்குத் தீவை நிலத்தோடு இணைக்கும் 13.5 கி.மீ. நீளப் பாலத்தில் (1985) தீவுக்குள் செல்லும்போது மட்டுமே சுங்கம், திரும்பும்போது இல்லை. காரின்றிச் செல்வோர் பட்டர்வொர்த்தில் இறங்கிப் பயணியர் படகில் ஏறினால் மிகக் குறைந்த செலவில் கடலையும் கண்டு தீவையும் அடையலாம்.

கார் ஓட்ட எண்ணுவோர் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெறுதல் வேண்டும். படிவம் 4அ, கடவுச்சீட்டு, நுழைவுரிமைச் சான்று, 1000 ரூபாய் கட்டணம் ஆகியவற்றோடு விண்ணப்பித்தால் ஓராண்டுக்குச் செல்லத்தக்க அனுமதி கிடைக்கும். பதினெட்டு வயதில் உரிமம் பெற்ற மாணவருக்கு அங்கு வாடகைக் கார் கிடைக்கும் என்று நம்புதல் கூடாது. வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் 21 அல்லது 23 வயது நிரம்பியோர்க்கே வண்டி தருகின்றன. உரிமம் பெற்று ஓராண்டேனும் ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. திருப்பித் தரத்தக்க முன்பணத்தைக் கடன் அட்டையில் பிடித்து வைப்போரும் உளர். ஆகவே இளங்கலை மாணவர் குழுவுக்குப் பேருந்தே இயல்பான ஊர்தி. தந்தையோ தமையனோ உடன்வரக் குடும்பமாகச் செல்லும் மாணவியர்க்குக் காரே பொருந்தும். அங்கு ஓட்டுநர் வயதும் தடையாகாது, செலவும் நால்வர்க்குப் பங்காகும்.

தங்குதல், உண்ணல், தொழுதல்

இரவுப் பேருந்தில் சென்றால் விடுதிச் செலவு மிச்சம் என்று சிலர் அறிவுரை கூறுவர். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஐந்து மணி நேரப் பயணமே. நள்ளிரவில் ஏறினால் விடியுமுன்னரே இறக்கி விடுவர். பிற்பகல் வரை விடுதி அறை திறவாது. பேருந்து நிலைய இருக்கையில் அமர்ந்து அடுத்த நாளை உறக்கத்திலேயே கழித்த பின் மிச்சமானது என்ன? பகலில் செல்க. ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கல் குன்றுகளைச் சாளரத்தின் வழியே காண்பதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அயல்நாட்டுப் பயணியர் விடுதியில் தங்கின் அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி 2017 முதல் பெறப்பட்டு வருகின்றது. வரி அறைக்கே அன்றி ஆளுக்கு அன்று; எனவே நால்வர் ஓர் அறையில் தங்கின் சுமை குறையும். விலையை ஒப்பிடுங்கால் இவ்வரி உள்ளடங்கியதா எனக் கேட்டறிக.

உணவைப் பற்றி நம் மாணவர் அஞ்ச வேண்டுவதில்லை. 'மாமாக்' கடைகள் எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவகங்கள் பட்டிதொட்டியெங்கும் உள்ளன. பல நள்ளிரவுக்குப் பின்னரும் திறந்திருக்கும். 'மாமா' என்னும் நம் உறவுச்சொல்லே அவ்வாறு வழங்குகின்றது என்பர். பினாங்கில் புகழ்பெற்ற நாசி கண்டார், ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர் சோற்றையும் குழம்பையும் காவடி போல் தோளில் சுமந்து விற்றமையால் பெயர் பெற்றது. அங்கு நாம் சுட்டிக்காட்டும் குழம்பும் கறியும் ஒவ்வொன்றாக விலையில் ஏறும். முதலில் விலை கேட்டுப் பின்னர் சுட்டுதல் சிக்கனம். இரால் பெரிதாக இருந்தால் இருமுறை கேட்க!

நெடுஞ்சாலையின் ஓய்விடங்களில் 'சூராவ்' என்னும் தொழுகைக்கூடம் உண்டு. பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகை இரு மத்ஹபினர்க்கும் உண்டெனினும், லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் இணைத்துத் தொழும் சலுகை ஷாபிஈகளுக்கு உண்டு, ஹனஃபிகளுக்கு இல்லை. நம் கல்லூரியில் இரு சாராரும் கலந்தே பயில்வதால், ஒரே வண்டியில் செல்வோர் ஹனஃபியாரின் நேரத்தைக் கொண்டே நிறுத்தங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். அலுவலகப் பணி ஏதேனும் இருப்பின் அந்நாள்களைத் தவிர்க்க. நோன்புப் பெருநாளை ஒட்டி மலேசியர் அனைவரும் சொந்த ஊர் திரும்புவர். பேருந்துச் சீட்டும் கிடையாது, சாலையும் நகராது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் மழை கடுமையாதலின் டிசம்பர் விடுமுறைக்கு மேற்குக் கரையே ஏற்றது.

மூவர் பயணம் செல்லின் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். சிக்கனத்துக்கு இதனினும் சிறந்த ஏற்பாட்டை நாம் அறியோம். தலைவர் ஒருவர், கணக்கர் ஒருவர். நால்வரும் சமமாக இட்ட பொதுப்பையிலிருந்தே போக்குவரத்தும் அறையும். தின்பண்டமும் நினைவுப்பொருளும் அவரவர் கையிலிருந்து. இரவுதோறும் கணக்கைப் படித்துக் காட்டிவிட்டால் நட்பில் கீறல் விழாது.

இலவசப் பயணச்சீட்டு என்னும் பொறி

மேற்கூறியவற்றில் பிழை நேர்ந்தால் இழப்பு சில நூறு ரிங்கிட்டோடு போகும். இனிக் கூறப்போவது அத்தகையது அன்று. பெற்றோரும் ஜமாஅத்துப் பெரியோரும் இப்பகுதியைக் கருத்தூன்றிப் படிக்குமாறு வேண்டுகின்றோம்.

பொருள் குறைந்த மாணவரைத் தேடி வந்து, 'உன் பயணச்சீட்டுச் செலவு எங்களுடையது. போகும்போது ஒரு பெட்டி, வரும்போது ஒரு பெட்டி' என்று கூறுவோர் உளர். 'குருவி' என்று வழக்கில் கூறப்படும் இவ்வேலையைச் சிறு குறும்பு போலவே நம் ஊர்களில் பேசுகின்றனர். பெட்டியில் உள்ளது புடைவையா, மாத்திரையா, வேறு ஏதேனுமா என்பதைக் குருவி அறியாது. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டத்தின்படி, போதைப்பொருள் அடங்கிய பொட்டலம் எவர் பொறுப்பில் இருந்ததோ அவரே அதன் உள்ளடக்கத்தை அறிந்திருந்தார் என்னும் அனுமானத்தோடு வழக்கு தொடங்குகின்றது. அறியேன் என மெய்ப்பிக்கும் சுமை சுமந்தவர்மேலதே. கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டதெனினும், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இன்றும் உண்டு. ஒரு சீட்டின் விலைக்காக ஒரு மகனை ஈடுவைக்கும் வாணிகம் இது. உறவினர் தந்தனுப்பும் ஊறுகாய்ப் புட்டியாயினும் கண்முன் திறந்து பார்த்து, தம் கையாலேயே கட்டி எடுத்துச் செல்லுதல் வேண்டும். அதனால் மனம் வருந்தும் உறவினர் வருந்தட்டும்.

மற்றொரு பொறி, வேலை. இந்தியர் 30 நாள்கள் வரை விசாவின்றி வந்து செல்ல 2023 டிசம்பர் முதல் மலேசிய அரசு இசைந்தது. பின்னர் அச்சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. செல்வோர் அன்றைய நிலையைத் தூதரக அறிவிப்பில் உறுதி செய்துகொள்க. இது சுற்றிப் பார்ப்பதற்கான இசைவே ஆகும். 'சுற்றுலாவாகப் போய்விடு, அங்கே கடையில் வேலை, பிறகு தாளை மாற்றிவிடலாம்' என்னும் முகவர் சொல்லை நம்பி இறங்கியவர், கடவுச்சீட்டைக் கடைக்காரர் கையில் ஒப்படைத்துவிட்டு வெளியே நடமாடவும் அஞ்சி வாழ நேர்கின்றது. இசைவுக் காலம் கடந்து தங்குதல் அங்கு தண்டத்துக்கும் சிறைக்கும் உரிய குற்றம். வேலைக்கு ஆள் சேர்ப்போர் நம் நாட்டின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு எண் கேட்டவுடன் பேச்சை மாற்றும் முகவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

வட்டிக்கு வாங்கியோ, தாயின் நகையை அடகு வைத்தோ பயணம் செல்லற்க என்பதும் நம் கருத்து. மார்க்கத் தடை ஒருபுறம் இருக்க, கடனோடு சென்றவர் மனம்தான் மேற்கூறிய இரு பொறிகளுக்கும் எளிதில் இரையாகின்றது.

புறப்படுமுன்

கடவுச்சீட்டு ஆறு திங்களுக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். மலேசியாவின் மின்னணு வருகைப் பதிவை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, கட்டணம் கேட்கும் தளம் போலியானது. திரும்பும் சீட்டு, தங்குமிடச் சான்று, செலவுக்குரிய பணச் சான்று மூன்றும் அச்செடுத்த தாளாகக் கையில் இருக்கட்டும். பயணக் காப்பீட்டை மட்டும் எக்காரணத்தாலும் சிக்கனத்தில் சேர்க்கலாகாது. குறைந்த கட்டண விமானங்களில் கைப்பை பெரும்பாலும் 7 கிலோவுக்குள் இருத்தல் வேண்டும். வீட்டிலேயே எடை போடுக. வானூர்தி நிலையத்திலிருந்து நகருக்கு விரைவு இரயிலைவிடப் பேருந்துக் கட்டணம் மிகக் குறைவு. மலாக்காவையே முதலில் காண விரும்புவோர்க்கு அங்கிருந்தே நேர்ப் பேருந்தும் உண்டு.

ஒரு குறிப்பேடும் உடன் செல்லட்டும். 1796இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ், நாகூரோடு தொடர்புடைய குடும்பத்தவர், தமிழும் கற்றவர். 1838இல் சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குச் சென்ற படகுப் பயணத்தைப் பற்றி அவர் மலாய் மொழியில் எழுதிய நூல், அந்நாளைய ஊர்நிலையையும் மக்கள் வாழ்வையும் அறிதற்கு இன்றும் சான்றாக நிற்கின்றது. நம் மாணவரும் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் செலவையும் வலப்பக்கத்தில் கண்டதையும் கேட்டதையும் எழுதுக. மலாய் மொழி அங்கு உரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் கடைப் பலகைகளைப் பேருந்துச் சாளரத்தினின்றே படித்துவிடலாம். 'கெடாய்' என்றிருப்பது நம் கடை. 'கப்பால்' என்பது கப்பல். 'பெத்தி' என்பது பெட்டி. ஈப்போவைத் தாண்டுவதற்குள் இன்னும் எத்தனை சொற்கள் அகப்படுகின்றன என்பதை எண்ணி வந்து துறையில் தருவோரின் பட்டியலை அடுத்த மலரில், இன்ஷா அல்லாஹ், வெளியிடுவோம்.